பேச்சு நின்னு போன ரெண்டு பேரும் ஒரு ஏஓஎல் சிடியும்: ஒரு காதல் நாவலை வச்சு ஒரு நிகழ்வு ஆய்வு

1996 மே மாசம், அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம். எம்மா, ஜாஷ்னு ரெண்டு பேர், பக்கத்து பக்கத்து வீடு, சின்ன வயசுலேந்து ஒண்ணா வளந்தவங்க. ஆனா போன நவம்பர்லேந்து சரியா பேச்சுவார்த்தை இல்ல. எம்மாவோட அம்மாவ விட்டுப் பிரிஞ்சு வேற கல்யாணம் பண்ணிட்டு ஃப்ளோரிடாவுல இருக்கற அவளோட அப்பா அவளுக்கு ஒரு புது கம்ப்யூட்டர் அனுப்பிருக்காரு. ஜாஷ் வீட்டுக்கு, இன்டர்நெட் இணைப்பு குடுக்கற ஏஓஎல் (அமெரிக்கா ஆன்லைன்) கம்பெனியோட இலவச சிடி ஒண்ணு வந்திருக்கு, அத எம்மா கிட்ட குடுத்துட்டு வான்னு ஜாஷோட அம்மா அவன அனுப்புறாங்க. அவனா கிளம்பி வரல, அம்மா சொன்னாங்கன்னு வர்றான், வந்து குடுத்துட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டு போயிடறான். அந்த ரெண்டு வார்த்தைலயே தெரிஞ்சுடுது இவங்களுக்குள்ள ஏதோ ஒடஞ்சு கிடக்குன்னு.

எம்மா அந்த சிடிய போட்டு, ஒரு ஈமெயில் ஐடி உண்டாக்கி உள்ள போறா. திடீர்னு ஃபேஸ்புக்னு ஒரு பக்கம் வருது. அப்ப அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அதுல அவ பேர்லயே, அவ ஊர்லேந்தே ஒரு பொம்பள, வயசு 31, கல்யாணம் ஆனவ, கல்யாணம் சரியில்லன்னு அவ எழுதறதுலயே தெரியுது. ஃபோட்டோவ உத்துப் பாத்தா தன்னோட முகம். 15 வருஷம் வயசான தன்னோட முகம்.

இது ஜே ஆஷர், கேரலின் மேக்லர் ரெண்டு பேரும் சேந்து எழுதின 'தி ஃப்யூச்சர் ஆஃப் அஸ்', 2011 நவம்பர்ல வந்த இளையோர் காதல் நாவல். நான் இத மூணு தடவ படிச்சிருக்கேன். மொத தடவ கதைக்காக, ரெண்டாவது தடவ ஒரு சொந்தக் காரணத்துக்காக (அது பின்னாடி வருது), மூணாவது தடவ பென்சில் வச்சுக்கிட்டு. காதல் கதையில டெக்னாலஜி வர்ற நாவல் இப்ப எக்கச்சக்கமா வருது, ஆனா பெரும்பாலும் அதுல போன்ங்கறது செல்ஃபி எடுக்கவும் மெசேஜ் வந்துச்சான்னு பாக்கவும்தான். இந்த நாவல்ல மெஷின் ஒரு பாத்திரம் மாதிரி வேல செய்யுது, அதுவும் நட்பு முறிஞ்சு போன ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்து. எப்படி வேல செய்யுது, எதச் சாதிக்குது, எத அதால சாதிக்க முடியல, இத மட்டும்தான் நான் இங்க பாக்கப் போறேன்.

மொதல்ல நவம்பர்

கதையோட ஆணிவேர் அந்த நவம்பர்தான். ஜாஷ் எம்மாவ முத்தம் குடுக்கப் போறான், அவ விலகிடறா. அவ்ளோதான் நடந்துச்சு. சண்டை கிடையாது, துரோகம் கிடையாது, யாரும் யாரப் பத்தியும் தப்பா பேசல. ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தவிர்க்கறாங்க, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு, கெல்லன், டைசன்னு ரெண்டு பேருக்கும் பொதுவான ஃப்ரெண்ட்ஸ், இருந்தும்.

இந்த மாதிரி முறிவ எழுதறது கஷ்டம்ங்க. துரோகம்னா எழுதிடலாம், யார் பக்கம் நியாயம்னு வாசகர் முடிவு பண்ணிடுவாங்க. இங்க யார் மேலயும் தப்பு இல்ல. ஒருத்தனுக்கு ஆசை இருந்துச்சு, ஒருத்தி அந்த நேரத்துல தயாரா இல்ல, ரெண்டு பேருக்கும் கூச்சம், கூச்சம் பழகிப் போயி தூரம் ஆயிடுச்சு. பதினாறு வயசுல ஒரு பையனுக்கு அந்த விலகல் எவ்ளோ பெரிய அவமானமா இருந்திருக்கும்னு ஜாஷோட அத்தியாயங்கள்ல புரியுது, அதே விலகல் அவளுக்குள்ள பயத்துலேந்து வந்துச்சுன்னு எம்மாவோட அத்தியாயங்கள்ல புரியுது. அத்தியாயம் மாறி மாறி ரெண்டு பேர் குரல்லயும் போகும், ஒவ்வொண்ணோட தலைப்பும் நம்பர், முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு, பேருன்னு வெப் முகவரி மாதிரியே போட்டிருப்பாங்க. படிக்கற நமக்கு ரெண்டு பக்கமும் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் படிக்கறப்ப வாய்விட்டு "கேளுடா, கேளேன்"னு சொல்லத் தோணும்.

அந்த மெஷின்

இப்ப படிக்கற பசங்களுக்கு ஏஓஎல்னா என்னன்னு தெரியாது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். 1996 தொடக்கத்துல ஏஓஎல்லுக்கு சுமார் 50 லட்சம் சந்தாதாரர்கள். மாசம் 9.95 டாலர் கட்டினா 5 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலர். மணிக்கணக்கு இல்லாம மாசம் 19.95 டாலருக்கு எவ்ளோ வேணா பாத்துக்கலாம்னு மாத்தினது அந்த வருஷம் டிசம்பர்லதான், கதை நடந்து முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சு. அதாவது எம்மாவோட காலத்துல நெட்ல உக்காந்திருக்கறதுங்கறது மீட்டர் ஓடற ஆட்டோல உக்காந்திருக்கற மாதிரி, அதனாலதான் அந்த இலவச மணிநேர சிடி ஒரு பெரிய பரிசு. அந்த சிடிகள கம்பெனி ஊர் பூரா இறைச்சுச்சு, தபால்ல வரும், பத்திரிகைக்குள்ள வரும், கடை கவுண்டர்ல அடுக்கி வச்சிருப்பாங்க.

டயல்-அப்ங்கறதால போன் லைன் வழியாதான் நெட். வீட்ல ஒரே லைன்னா நெட்ல இருக்கற வரைக்கும் போன் என்கேஜ்டு, வேற ரூம்ல யாராவது எக்ஸ்டென்ஷன எடுத்தா நெட் கட். வேகம் பாத்தா, கம்ப்யூட்டர போன் லைனோட இணைக்கற அந்தக் காலத்து 28.8 மோடம்ல வினாடிக்கு மூணரை கேபிக்கு மேல வராது, 100 கேபி ஃபோட்டோ ஒண்ணு முழுசா தெரிய அரை நிமிஷம் ஆகும். ஃபோட்டோ மேலேந்து கீழ பட்டை பட்டையா எறங்கும். மொதல்ல முடி தெரியும், அப்புறம் நெத்தி, அப்புறம் கண்ணு. தன்னோட 31 வயசு முகம் அப்படி மெல்ல மெல்ல எறங்கறத ஒரு பதினாறு வயசுப் பொண்ணு உக்காந்து பாக்கறான்னு யோசிச்சுப் பாருங்க, அந்த அரை நிமிஷம் எவ்ளோ நீளம்.

மார்க் ஸக்கர்பெர்க் பொறந்தது 1984 மே 14. கதை நடக்கற அதே மாசத்துல அவருக்கு 12 வயசு முடியுது. ஃபேஸ்புக் ஆரம்பிச்சது 2004 பிப்ரவரி 4, அதுவும் ஹார்வர்ட் மாணவர்களுக்கு மட்டும், எல்லாருக்கும் தொறந்து விட்டது 2006 செப்டம்பர்ல. ஸ்டேட்டஸ் எழுதறது, உறவு நிலை போடறது, ஃபோட்டோல டேக் பண்றது இதெல்லாம் 2011ல படிக்கறவனுக்கு தினசரி பழக்கம், 1996ல இருக்கற இந்த ரெண்டு பேருக்கும் விளங்காத விஷயம். தெரியாதவங்க எல்லாம் பாக்கற மாதிரி ஒருத்தி ஏன் இதெல்லாம் எழுதறா, இத்தன பேரு எப்படி ஒருத்திக்கு ஃப்ரெண்டா இருக்க முடியும்னு அவங்க உண்மையா குழம்பறாங்க. இந்தக் குழப்பத்த ஆசிரியர்கள் வெறும் சிரிப்புக்காக வைக்கலன்னு எனக்குத் தோணுது. ஒரே ஒரு ஃப்ரெண்டு கிட்ட பேச முடியாம தவிக்கற ரெண்டு பேரு, நூத்துக்கணக்கான 'ஃப்ரெண்ட்ஸ்' இருக்கற பக்கத்த பாத்துட்டு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேக்கறாங்க. அது சரியான கேள்விதான.

ஒண்ணு சொல்லணும், டெக்னிக்கலா பாத்தா இது நடக்கவே முடியாது. காலத்த தாண்டி வர்றத விடுங்க, 2011 ஃபேஸ்புக் பக்கத்த 1996 ஏஓஎல் பிரவுசர்ல தொறந்தா ஒழுங்கா தெரியவே தெரியாது, பக்கம் முழுசா திரும்ப லோட் ஆகாம உள்ள இருக்கறது மட்டும் மாற்ற வித்தையெல்லாம் அப்ப பிரவுசர்ல வரல. நாவல் இதுக்கு ஒரு விளக்கமும் குடுக்கல. மின்னல் அடிச்சுச்சு, வயர் ஷார்ட் ஆச்சுன்னு எதையாவது சொல்லிருந்தா நமக்கு அந்த விளக்கத்துலதான் கவனம் போயிருக்கும். விளக்கம் இல்லாததால நம்ம கண்ணு அந்த ரெண்டு பேர் மேலயே இருக்கு. எனக்கு இது சரியான முடிவாத்தான் படுது.

எம்மா என்ன பண்றா

எம்மா பாக்கற மொத எதிர்காலத்துல அவ புருஷன் பேரு ஜோர்டன் ஜோன்ஸ். சந்தோஷம் இல்லாத கல்யாணம். அவளுக்கு உடனே தோணறது, இத மாத்தணும். இன்னிக்கு நான் ஒரு சின்ன விஷயத்த மாத்தினா 15 வருஷம் கழிச்சு அந்தப் பக்கமும் மாறுமான்னு பாக்கறா, மாறுது. குளத்துல கல்லு போட்டா அலை பரவற மாதிரி இங்க பண்ற எந்தச் சின்ன மாற்றமும் அங்க போய் பெரிசா நிக்குது. அப்புறம் என்ன, திரும்பத் திரும்ப பக்கத்த தொறந்து பாக்க ஆரம்பிச்சுடறா. காலேஜ் முடிவ மாத்தறா, ஊரு மாறுது, புருஷன் மாறுது, வேல மாறுது.

ஆனா மாறாத ஒண்ணு இருக்கு. எந்த வெர்ஷன்லயும் அவ நிம்மதியா இல்ல.

நாவலோட ஒசந்த விஷயம் இதுதான்னு நான் சொல்வேன். மொத புருஷன் சரியில்லன்னா தப்பு அவன் மேலன்னு எம்மா நம்பறா, நாமளும் நம்பறோம். அடுத்த வெர்ஷன்லயும் அதே சோகம்னா அவளுக்கு சந்தேகம் வருது. ஆளு மாறியும் நெலம மாறலன்னா பொதுவா இருக்கறது யாரு? தான்தான. அவங்கம்மா ஒரு தடவைக்கு மேல கல்யாணம் பண்ணவங்க, இப்ப வீட்ல மார்ட்டின்னு ஒரு மாற்றாந்தகப்பன், அப்பாவுக்கு ஃப்ளோரிடாவுல புதுசா ஒரு கொழந்தை. அன்பு காட்டறவங்க போயிடுவாங்கன்னு சின்ன வயசுலயே பழகின பொண்ணு, அதனால யாரும் ரொம்ப நெருங்கறதுக்கு முன்னாடி தானே விலகிடறா. நவம்பர்ல ஜாஷ் கிட்டேந்து விலகினதும் அதே பழக்கந்தான். இத ஆசிரியர்கள் வந்து நமக்கு சொல்றதில்ல, பக்கம் ஒவ்வொரு தடவ மாறும்போதும் நாமளா கண்டுபிடிக்கறோம். அந்த மெஷின் ஒரே ஒரு வகையில உண்மையிலயே அவளுக்கு உதவுது, ஒரு ஆளு 15 வருஷத்துல நாலு தடவ அடிபட்டு கத்துக்கறத இவ ஒரு வாரத்துல வரிசையா பாத்துடறா.

ஜாஷ் பக்கம் வேற கதை

ஜாஷுக்கு மொத நாள்லயே லாட்டரி. அவன் எதிர்காலத்துல பள்ளிக்கூடத்துலயே எல்லாரும் திரும்பிப் பாக்கற சிட்னி மில்ஸ்தான் பொண்டாட்டி, பசங்க, நல்ல வீடு. சிட்னி இப்ப இவன ஏறெடுத்துப் பாக்கறதில்ல. ஆனா எப்படியும் இவதான் எனக்குன்னு தெரிஞ்சுட்டதால அவன் நடையே மாறுது, வகுப்புல வாயத் தொறந்து பேசறான், அவ கண்ணப் பாக்கறான். அவளும் இவன கவனிக்க ஆரம்பிக்கறா.

அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948ல ஒரு கட்டுரைல இதுக்கு ஒரு பேரு வச்சாரு, தன்னைத்தானே நிறைவேத்திக்கற கணிப்பு. ஒரு விஷயம் நடக்கும்னு நம்பிட்டா அந்த நம்பிக்கையால நாம நடந்துக்கற விதமே அத நடக்க வச்சுடும். ஜாஷோட கதை இதுக்கு பாடப்புத்தக உதாரணம். அந்தப் பக்கம் அவனுக்கு சிட்னிய குடுக்கல, தைரியத்த குடுத்துச்சு, மிச்சத்த அவன் பண்ணிக்கிட்டான்.

இங்கதான் ரெண்டு பேருக்கும் நடுவுல புதுசா ஒரு மோதல் வருது, அது என்னை ரொம்ப யோசிக்க வச்சுச்சு. எம்மா தன்னோட வாழ்க்கைய மாத்த மாத்த ஜாஷோட எதிர்காலமும் ஆடுது. அவன் நல்லா இருக்கான், அதனால எதையும் தொடாதன்னு நெனைக்கறான். அவ கஷ்டத்துல இருக்கா, அதனால எல்லாத்தையும் கலைக்கணும்னு நெனைக்கறா. ஒரே பக்கம், ஒரே கம்ப்யூட்டர், ஒரே ரூம், ஆனா ஒருத்தருக்கு வரம், இன்னொருத்தருக்கு தண்டனை. நெருங்கின நட்புல ஒருத்தர் மட்டும் ஜெயிக்கறப்ப வர்ற சங்கடம் இருக்கே, ஒரே பரீட்சை எழுதி ஒருத்தர் பாஸ் ஒருத்தர் ஃபெயில் ஆன வீட்ல இருக்குமே, அந்த மாதிரி. அவனுக்கு அவ மேல அக்கறை இல்லாம இல்ல, ஆனா அவ அழும்போது அவன் மனசோட ஒரு ஓரத்துல சிட்னி இருக்கா. இத மறைக்காம எழுதிருக்காங்க, ஜாஷ நல்லவனாவே காட்டணும்னு மெனக்கெடல.

தெரிஞ்சுக்கக் கூடாதத தெரிஞ்சுக்கிட்டா

இன்னும் ரெண்டு கிளைக்கதை இருக்கு, சின்னதா வந்தாலும் ரெண்டும் கனமானது. ஜாஷோட அண்ணன் டேவிட். அண்ணனோட எதிர்கால பக்கத்துல அவன் ஒரு ஆணோட உறவுல இருக்கறதா போட்டிருக்கு. 1996ல டேவிட் இத வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ல வேண்டியவன் சொல்றதுக்கு முன்னாடி தம்பிக்குத் தெரிஞ்சுடுச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல தான் அமெரிக்காவுல, கல்யாணங்கறது ஆணுக்கும் பொண்ணுக்கும் நடுவுல மட்டும்தான்னு மத்திய அரசு சட்டமே போட்டுச்சு, அந்தக் காலம் அப்படி. 2011ல அதே ஆளு தைரியமா உறவு நிலைல போட முடியுது. நடுவுல ஒலகம் எவ்ளோ நகந்துச்சுன்னு ஒரு பெரிய பேச்சும் இல்லாம, ஒரே ஒரு வரி ப்ரொஃபைல்ல காட்டிட்டாங்க. எனக்கு இந்த நாவல்ல டெக்னாலஜிய பயன்படுத்தின விதத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இன்னொண்ணு கெல்லன். அவளுக்கு சீக்கிரமே ஒரு கொழந்தை பொறக்கப் போகுதுன்னு எம்மாவுக்கு அந்தப் பக்கத்துலேந்து தெரியுது, பள்ளிக்கூட வயசுலயே. ஃப்ரெண்டுக்கு நல்லது பண்றதா நெனச்சு அத தடுத்துட்டா ஃபோட்டோல சிரிக்கற கெல்லனோட பொண்ணு இருக்கமாட்டா. சொன்னாலும் தப்பு, சொல்லலன்னாலும் தப்பு. பதினாறு வயசுப் பொண்ணு தலைல வைக்கற பாரமா இது.

ரெண்டு இடத்துலயும் ஒரே விஷயம்தான். ஒரு ஃப்ரெண்டோ அண்ணனோ தானா வந்து உக்காந்து சொல்றதுக்கும், நாம பக்கத்த பாத்து தெரிஞ்சுக்கறதுக்கும் உள்ள தூரம். விவரம் ஒண்ணுதான், ஆனா ஒண்ணுல நம்பிக்கை இருக்கு, இன்னொண்ணுல திருட்டுத்தனம் இருக்கு, நாம திருடணும்னு நெனைக்கலன்னாலும்.

என்னோட காரணம்

2007ல மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல நிக்கோல் எலிசன், சார்ல்ஸ் ஸ்டைன்ஃபீல்ட், க்ளிஃப் லாம்ப் மூணு பேரும் 286 மாணவர்கள் கிட்ட ஃபேஸ்புக் பழக்கத்தப் பத்தி பண்ணின ஒரு ஆய்வ வெளியிட்டாங்க. அதுல அவங்க கவனிச்ச ஒண்ணு, ஊர விட்டு வந்தாலும் பழைய பள்ளிக்கூட சிநேகிதங்களோட தொடர்பு அறுந்து போகாம வச்சுக்க அது உதவுது. இதுக்கு ஒரு தனிப் பேரே குடுத்தாங்க, தக்க வச்சுக்கிட்ட சமூக மூலதனம்னு. நல்ல விஷயந்தான். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு 2009ல ஆக்ஸ்ஃபோர்டோட அமெரிக்க அகராதி அந்த வருஷத்தோட வார்த்தையா தேர்ந்தெடுத்தது 'அன்ஃப்ரெண்ட்'. தொடர்ப வச்சுக்கற கருவி, தொடர்ப வெட்டறதுக்கு ஒரு வார்த்தையையும் நமக்கு குடுத்துடுச்சு.

நான் அன்ஃப்ரெண்ட் பண்ணல. அதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அதுதான் என் கதை. ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்ச்ல உக்காந்த ஒருத்தி, டிபன் பாக்ஸ் மாத்தி சாப்பிடுவோம். கடைசி வருஷம் பிப்ரவரில லேப் வாசல்ல அவ என்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தா, நான் வேற கூட்டத்தோட சிரிச்சுக்கிட்டு நின்னுட்டு அப்புறம் பேசறேன்னுட்டேன், அவ சரின்னுட்டு போயிட்டா. அந்த அப்புறம் வரவே இல்ல. பல வருஷம் கழிச்சு ஃபேஸ்புக் அவள எனக்கு காட்டுச்சு, நான் ரிக்வஸ்ட் அனுப்பினேன், அவ ஏத்துக்கிட்டா. அதுக்கப்புறம் அவ பையனோட மொத பொறந்தநாள் கேக் என்ன கலர்னு தெரியும், புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு என்ன புடவை கட்டினான்னு தெரியும், அவங்கப்பா தவறினது தெரியும், அதுக்கு ஒரு கைகூப்பின படம் போட்டேன். அன்னிக்கு லேப் வாசல்ல என்ன சொல்ல வந்தான்னு மட்டும் தெரியாது.

இந்த நாவல ரெண்டாவது தடவ கையில எடுத்தது அதனாலதான். எம்மாவுக்கு ஜாஷோட பொண்டாட்டி யாரு, வீடு எங்க, எத்தன பசங்க எல்லாம் தெரியும். அவன் நவம்பர்லேந்து ஏன் தன் வீட்டுப் பக்கம் வரலங்கறத அந்தப் பக்கம் சொல்லாது. 15 வருஷத்து விவரம் அத்தனையும் இருக்கு, ஆறு மாசத்து விவரம் இல்ல. அத தெரிஞ்சுக்கணும்னா பக்கத்து வீட்டுக்குப் போகணும், அவ்ளோதான்.

அப்ப அந்த மெஷின் பண்ற ஒரே பெரிய நல்ல காரியம் என்னன்னா, யாருகிட்டயும் சொல்ல முடியாத ஒரு ரகசியத்த ரெண்டு பேர் கையிலயும் குடுத்துடுது. கெல்லன் கிட்ட சொன்னா நம்ப மாட்டா, அம்மா கிட்ட சொல்ல முடியாது, சிடி கொண்டு வந்து குடுத்தவன் ஒருத்தன்தான் இருக்கான். வேற வழியில்லாம ஒரே ரூம்ல, ஒரே ஸ்க்ரீன் முன்னாடி பக்கத்துல பக்கத்துல உக்கார்றாங்க. ஆறு மாசமா அவங்களுக்கு இல்லாம இருந்தது அந்தச் சாக்குதான். அவங்க ஸ்க்ரீனப் பாக்கறப்ப நான் அவங்க தோள்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், அது எப்ப குறையுது எப்ப கூடுதுன்னு.

எங்க சறுக்குது

குறை இல்லாம இல்ல. சிட்னி மில்ஸ் கடைசி வரைக்கும் ஒரு போஸ்டர் மாதிரிதான் இருக்கா, அவளுக்கு உள்ளுக்குள்ள என்னன்னு தெரிஞ்சுக்க ஆசிரியர்களுக்கு நேரமே இல்ல, இது அந்தப் பொண்ணுக்குப் பண்ற அநியாயம். எம்மா, ஜாஷ் ரெண்டு பேர் குரலும் சில இடத்துல ஒரே மாதிரி ஒலிக்கும், தலைப்பப் பாத்துதான் யார் பேசறாங்கன்னு உறுதி பண்ணிக்கணும். 1996ன்னு காட்றதுக்காக டிஸ்க்மேன், அந்தக் காலத்து பாட்டுக் குழுக்கள்னு அள்ளித் தெளிச்சிருக்காங்க, எழுதினவங்க ரெண்டு பேருக்கும் அந்த வருஷம் இருபது வயசு தாண்டின புதுசு, அந்தப் பாசம் தெரியுது, ஆனா கதைக்கு அத்தனையும் தேவப்படல.

ஜே ஆஷரோட 2007 நாவல்ல கேசட் டேப்புகள்ல பதிஞ்ச குரல் வழியாத்தான் மொத்தக் கதையும் நடக்கும். பழைய மெஷின் வழியா காலம் தப்பி வர்ற சேதிங்கறது அவருக்குப் பிடிச்ச களம். அங்க சேதி வர்றப்ப எல்லாமே முடிஞ்சு போயிருக்கும். இங்க எதுவுமே இன்னும் ஆரம்பிக்கல. கேரலின் மேக்லர் தன் உடம்பப் பத்தி சங்கடப்படற ஒரு பொண்ணு கதைக்காக 2004ல இளையோர் புத்தகங்களுக்கு அமெரிக்காவுல குடுக்கற ப்ரின்ட்ஸ் ஹானர் விருது வாங்கினவங்க, ஒரு பொண்ணு தன்னத்தானே எப்படி குறைச்சுப் பாத்துக்கறாங்கறதுல அவங்களுக்கு இருக்கற நுணுக்கம் எம்மா கிட்ட தெரியுதுன்னு நான் நெனைக்கறேன்.

இன்னொண்ணு, இது குறையான்னு தெரியல. 2011ல வந்தப்ப இது எதிர்காலத்தப் பத்தின புத்தகம். இப்ப படிச்சா ரெண்டு பழைய காலம். 31 வயசு எம்மா மாதிரி புருஷன் வீட்டுக்கு வரலன்னு எல்லாரும் பாக்கற எடத்துல எழுதறவங்க இப்ப கம்மி, அதெல்லாம் மூடின குரூப்புக்கும் தனி மெசேஜுக்கும் போயிடுச்சு. ஏஓஎல் தன்னோட டயல்-அப் சேவைய 2025 செப்டம்பர் 30ஓட நிறுத்திடுச்சு.

முடிவ நான் சொல்லல, படிக்காதவங்க படிக்கணும். அந்தப் பக்கம் என்ன சொல்லுதுன்னு பாக்கறத விட்டாதான் அவங்களுக்குள்ள பேச்சு தொறக்குதுங்கறத மட்டும் சொல்றேன்.

போன லீவுல அக்கா பொண்ணு வந்திருந்தா, பதினாறு வயசு. புத்தகத்த குடுத்தேன், ரெண்டு நாள்ல முடிச்சா. சிடி ஏன் தபால்ல வந்துச்சுன்னு அவளுக்குப் புரியல, போன் லைன் கட் ஆகறது புரியல, ஏன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கலன்னு கேட்டா. நவம்பர் மட்டும் ஒரு விளக்கமும் இல்லாம புரிஞ்சுச்சு. "எங்க க்ளாஸ்லயும் இப்படி ரெண்டு பேரு இருக்காங்க சித்தி"ன்னா, யாருன்னு சொல்லல, நானும் கேக்கல. ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் லேப் வாசல் கதைய அவகிட்ட சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "அவங்க இப்ப எங்க இருக்காங்க சித்தி?"

"கோயம்புத்தூர்ல."

"பேசினீங்களா?"

"இல்ல, ஃபேஸ்புக்ல பாத்தேன்."